'மேக்' முடிந்துவிட்டது, பைத்தான் முழுமையாக இல்லை: மூலநிரலிலிருந்து கட்டும்போது வரும் பிழைகளைத் தீர்ப்பது எப்படி?

ஒரு பயிற்சி வகுப்புக்காகப் பைத்தானை மூலநிரலிலிருந்து கட்டிப் பத்துக் கணினிகளில் நிறுவினேன். மூலநிரலைக் கட்டும் 'மேக்' கருவி ஒரு பிழையும் காட்டாமல் முடிந்தது. மறுநாள் மாணவர்கள் பைத்தானுக்குப் பொதிகளை இறக்கும் பிப் கருவி மூலம் முதல் பொதியை இறக்க முயன்றபோது பத்துத் திரைகளிலும் ஒரே செய்தி: எஸ்எஸ்எல் கூறு (பாதுகாப்பான இணைய இணைப்புக்கானது) இந்தப் பைத்தானில் இல்லை. அன்றைய வகுப்பு மறுபடி கட்டுவதிலேயே போனது. முந்தைய நாள் முனையத்தில் ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளின் கடைசியில் பைத்தான் அதைச் சொல்லித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

கட்டுமானம் நின்றுபோனால் எல்லோரும் கவனிப்போம். நிற்காமல், குறையோடு முடிவதுதான் ஆபத்து. இரண்டையும் கண்டுபிடிக்கும் வழியைப் பைத்தான் 3.13-ஐ உபுண்டு அல்லது டெபியனில் கட்டும் உதாரணத்தோடு சொல்கிறேன். வேறு மென்பொருளைக் கட்டுபவர்களுக்கும் இதே வழி பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகளையும் பொதிப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: கருவிகளும் நூலகங்களும்

முதலில், மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் வேண்டும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் பிகேஜி-கான்ஃபிக்

இது இல்லாமல் தொடங்கினால், ஏற்கத்தக்க சி கம்பைலர் எதுவும் கிடைக்கவில்லை என்று, கணினியில் தேவையானவை இருக்கின்றனவா என முதலில் சோதிக்கும் 'கான்ஃபிகர்' நிரல் உடனே நின்றுவிடும். அது நல்ல பிழை. காரணத்தையும் அதுவே சொல்லிவிடுகிறது.

அடுத்தது நூலகங்கள். புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. "ஓப்பன்எஸ்எஸ்எல் என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" என்ற கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். (எஸ்எஸ்எல் கூறு சார்ந்திருக்கும் நூலகம்தான் ஓப்பன்எஸ்எஸ்எல்.) டெபியன் வகை இயங்குதளங்களில் ஒரு நூலகம் இரண்டு பொதிகளாகப் பிரிந்து வருகிறது. ஒன்று, நிரல்கள் ஓடும்போது பயன்படும் நூலகம். மற்றொன்று, அந்த நூலகத்தைச் சார்ந்து புதிதாக ஒன்றைக் கட்டும்போது தேவைப்படும் தலைப்புக் கோப்புகள் ('.ஹெச்' என்று முடிபவை). இரண்டாவதன் பெயர் '-டெவ்' என்று முடியும். ஒரு வீட்டில் குடியிருப்பவருக்குச் சாவி போதும். அதே வீட்டின் மேல் மாடி எழுப்ப வருகிற கொத்தனாருக்கு வரைபடம் வேண்டும். உங்கள் கணினியில் சாவி இருக்கிறது, வரைபடம் இல்லை. ஃபெடோராவில் இதே பொதிகள் '-டெவல்' என்று முடியும்.

பைத்தானுக்குத் தேவையான முக்கியமானவை இவை: லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ், லிப்ரீட்லைன்-டெவ். ஒவ்வொன்றாகத் தட்ட விருப்பமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு:

சூடோ ஆப்ட் பில்ட்-டெப் பைத்தான்3.12

உபுண்டு 24.04-ஓடு வரும் பைத்தான் 3.12-ஐக் கட்ட என்னென்ன தேவையோ அத்தனையையும் இது நிறுவிவிடும்; வேறு இயங்குதளப் பதிப்பில் அதோடு வரும் பைத்தானின் எண்ணைக் கொடுங்கள். ஆனால் மூலப் பொதிகளின் பட்டியல் இயக்கப்பட்டிருக்க வேண்டும். உபுண்டு 24.04-இல் 'உபுண்டு.சோர்சஸ்' கோப்பைத் திறந்து, 'டைப்ஸ்: டெப்' என்ற வரியை 'டைப்ஸ்: டெப் டெப்-எஸ்ஆர்சி' என்று மாற்றி, 'ஆப்ட் அப்டேட்' கொடுத்த பிறகே இந்தக் கட்டளை வேலை செய்யும்.

படி 2: கான்ஃபிகர்

பைத்தான்.ஆர்க் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி விரித்து, அந்த அடைவுக்குள் சென்று:

./கான்ஃபிகர் --ப்ரீஃபிக்ஸ்=$ஹோம்/பைத்தான்313

'ப்ரீஃபிக்ஸ்' கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கட்டுவது உங்கள் வீட்டு அடைவுக்குள்ளேயே தங்கும். தவறு நேர்ந்தால் அந்த அடைவை நீக்கினால் போதும். '--எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ்' சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை நிறையப் பார்ப்பீர்கள். வேகமான பைத்தான் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கட்டும் நேரம் பல மடங்காகும். முதல் முறை அது வேண்டாம். எல்லாச் சார்புகளும் சரியான பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

படி 3: மேக், அதன் வெளியீட்டைச் சேமித்தல்

மேக் -ஜே4 2>&1 | டீ பில்ட்.லாக்

'டீ' என்பது திரையில் ஓடுவதை ஒரு கோப்பிலும் எழுதி வைக்கும் சிறிய கருவி. அந்தப் பத்துக் கணினிகளுக்குப் பிறகு நான் இது இல்லாமல் எதையும் கட்டியதில்லை.

கட்டுமானம் பாதியில் நின்றால் கண் தானாகவே கடைசி வரிக்குப் போகும். அங்கே மூன்று நட்சத்திரக் குறிகளோடு 'எர்ரர் 1' என்று இருக்கும். அது இழவுச் செய்தி மட்டும்தான். எப்படி நேர்ந்தது என்பது மேலே இருக்கிறது. பில்ட்.லாக் கோப்பைத் திறந்து, மேலிருந்து கீழாக 'எர்ரர்:' என்ற சொல்லைத் தேடுங்கள். முதலில் அகப்படுவதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். பின்னால் வரும் இருபது பிழைகளும் அதன் பிள்ளைகள். நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் வரிகள் பின்னிக் கிடக்கும். புரியவில்லை என்றால் '-ஜே4' இல்லாமல் மறுபடி 'மேக்' கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து ஒற்றை வரிசையில் ஓடிப் பிழையில் நிற்கும்.

முதல் பிழை எந்த வகை என்பதைப் பொறுத்து மருந்து மாறும். ஏதோ ஒரு '.ஹெச்' கோப்பு இல்லை என்றால் '-டெவ்' பொதி இல்லை. எந்தப் பொதி என்று ஊகிக்க வேண்டாம். 'ஆப்ட்-ஃபைல்' கருவியை நிறுவி, 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' கொடுத்துவிட்டு 'ஆப்ட்-ஃபைல் சர்ச் எஃப்எஃப்ஐ.ஹெச்' என்று கேட்டால் அதுவே பெயரைச் சொல்லும். 'கெனாட் ஃபைண்ட் -எல்' என்று தொடங்கி ஒரு நூலகத்தின் பெயர் வந்தால், கம்பைல் ஆன துண்டுகளை நூலகங்களோடு சேர்க்கும் இணைப்பிக்கு அந்த நூலகம் அகப்படவில்லை. இதற்கும் பெரும்பாலும் அதே மருந்துதான். 'கில்டு' என்ற சொல்லோடு கம்பைலர் செத்துப்போயிருந்தால் நூலகத்தைத் தேடாதீர்கள். நினைவகம் போதவில்லை. '-ஜே' எண்ணைக் குறையுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. பழைய மென்பொருளைப் புதிய கணினியில் கட்டும்போது எதுவும் குறையாது. எல்லாம் அளவுக்கு மீறிப் புதிதாக இருக்கும். 2020-இல் வந்த ஜிசிசி 10 (ஜிசிசி என்பது லினக்ஸில் வழக்கமான சி கம்பைலர்), ஒரே மாறியைப் பல கோப்புகளில் அறிவிக்கும் பழைய பழக்கத்தை ஏற்க மறுத்தது. 'மல்ட்டிபிள் டெஃபினிஷன்' என்று இணைப்பி நின்றது. 2024-இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூறை அழைப்பதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. பைத்தான் 3.12 தன் நூலகத்திலிருந்து 'டிஸ்ட்யூட்டில்ஸ்' கூறை நீக்கியது. அதை நம்பியிருந்த பழைய கட்டுமான நிரல்கள் நின்றுபோயின. இத்தகைய பிழையில் பொதிகளை மாற்றி மாற்றி நிறுவுவது வீண். அந்த மென்பொருளின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் யாரோ சரிசெய்து வைத்திருப்பார்கள்.

படி 4: பிழையே இல்லாத பிழை

'மேக்' முடிந்ததும் கடைசி இருபது வரிகளை நிதானமாகப் படியுங்கள். 'தி நெசசரி பிட்ஸ்' என்று தொடங்கும் வரி இருந்தால் அதற்குக் கீழே கூறுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கட்டத் தேவையானது கிடைக்கவில்லை, அவை இல்லாமலே பைத்தானைக் கட்டிவிட்டேன் என்று அர்த்தம். பைத்தானின் பார்வையில் இது தோல்வி இல்லை. அவை விருப்பக் கூறுகள்தான். ஆனால் எஸ்எஸ்எல் இல்லையென்றால் பிப் இணையத்தைத் தொடாது. சி நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் இல்லையென்றால் பல பொதிகள் இறக்குமதியிலேயே விழும். சுருக்கிய கோப்புகளை விரிக்கும் இசட்லிப் இல்லையென்றால் நிறுவும் கட்டத்தில் பிப்பை விரிக்க முயன்று நின்றுவிடும்.

ஒரு பெயர் அந்தப் பட்டியலில் ஏன் வந்தது என்ற விடை 'கான்ஃபிக்.லாக்' கோப்பில் இருக்கிறது. மிகப் பெரிய கோப்பு, பார்த்ததும் பயம் வரும். ஆனால் அமைப்பு எளிது: கான்ஃபிகர் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு சின்னஞ்சிறு சி நிரலை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கிறது, தோற்றால் அந்த நிரலையும் கம்பைலர் சொன்ன பிழையையும் இங்கே பதிகிறது. 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்று தேடினால், தலைப்புக் கோப்பு இல்லையா, இருந்தும் பதிப்பு பழையதா என்று நேரடியாகத் தெரியும். பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தையது கட்டாயம். பழைய சர்வர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

'பில்ட் சக்சஸ்ஃபுல்லி பட் வேர் ரிமூவ்டு' என்ற வேறொரு செய்தியும் வரலாம். கட்டியாயிற்று, இறக்குமதி செய்து பார்த்தபோது தோற்றதால் எடுத்துவிட்டேன் என்கிறது. பெரும்பாலும் கணினியில் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கும். ஒன்றின் தலைப்புக் கோப்பைக் கொண்டு கட்டி, ஓடும்போது மற்றொன்றைத் தேடும். கான்ஃபிகருக்கு '--வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்=' என்று சரியான பாதையையும், '--வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்=ஆட்டோ' என்பதையும் கொடுத்தால் தீரும்.

பொதியை நிறுவிய பிறகு 'மேக்' மட்டும் கொடுத்தால் போதாது. எதைக் கட்டுவது என்ற முடிவைக் கான்ஃபிகர் ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஆகவே 'மேக் டிஸ்ட்கிளீன்', பிறகு கான்ஃபிகர், பிறகு மேக். முடிந்ததும் நீங்களே கேட்டுப் பாருங்கள்:

./பைத்தான் -சி "இம்போர்ட் எஸ்எஸ்எல், சிடைப்ஸ், இசட்லிப், எஸ்கியூலைட்3, எல்இசட்எம்ஏ"

எதுவும் சொல்லாமல் திரும்பினால் எல்லாம் இருக்கிறது.

படி 5: சோதனைகள்

மேக் டெஸ்ட் 2>&1 | டீ டெஸ்ட்.லாக்

சூடோ வேண்டாம். நிர்வாகியாக ஓட்டினால், அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கும் சோதனைகள் தவிர்க்கப்படும் அல்லது தோற்கும். நிர்வாகிக்கு எதுவும் மறுக்கப்படுவதில்லை அல்லவா? அதோடு அடைவு முழுவதும் நிர்வாகிக்குச் சொந்தமான கோப்புகள் சிதறிவிடும்.

400-க்கும் மேற்பட்ட சோதனைக் கோப்புகள் ஓடும். முடிவில் சுருக்கம் வரும். அதில் தோற்றவற்றை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். 'ஸ்கிப்டு' என்ற பட்டியலையும் படியுங்கள். லினக்ஸில் விண்டோஸ் பதிவகத்துக்கான 'டெஸ்ட்_வின்ரெக்' அங்கே இருப்பது இயல்பு. 'டெஸ்ட்_எஸ்எஸ்எல்' இருந்தால் இயல்பில்லை. கூறு இல்லாததால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள், மொத்த முடிவு 'சக்சஸ்' என்று வந்திருந்தாலும்.

தோற்றவை இருந்தால் முதலில் முடிவு வரியைப் பாருங்கள். 'ஃபெயிலியர் தென் சக்சஸ்' என்றால், கூட்டமாக ஓடியபோது தோற்றுத் தனியாக ஓடியபோது வென்றிருக்கிறது. பளு மிகுந்த கணினியில், நேரக்கெடுவை நம்பும் சோதனைகளுக்கு இப்படி நேரும். மறுபடியும் தோற்றிருந்தால் அந்த ஒன்றை மட்டும் விவரமாக ஓட்டுங்கள்:

./பைத்தான் -எம் டெஸ்ட் -வி டெஸ்ட்_சாக்கெட்

இப்போது தோல்விக்கான வரியும், எதிர்பார்த்த மதிப்பும், கிடைத்த மதிப்பும் தெரியும். முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டது என்பது போல இருந்தால் வலையமைப்பைச் சந்தேகியுங்கள். கொள்கலனுக்குள்ளோ அலுவலகத் தடுப்புச்சுவருக்குப் பின்னாலோ கட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். 'மேக் டெஸ்ட்' இணையம் தேவைப்படும் சோதனைகளையும் ஓட்டும், வெறும் './பைத்தான் -எம் டெஸ்ட்' அவற்றைத் தவிர்க்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். அடுத்து மொழி அமைப்பு: 'எல்சி_ஆல்=சி.யூடிஎஃப்-8' என்று முன்னால் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

கடிகாரமும் குற்றவாளியாகலாம். 2022 ஜூன் 1-க்குப் பிறகு, அதற்கு முந்தைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புகளைக் கட்டியவர்களுக்குச் சில சோதனைகள் திடீரென்று தோற்றன. நூலகத்தின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. சோதனைக்கென்று உள்ளே வைத்திருந்த சான்றிதழ்களின் ஆயுள் அன்று முடிந்தது. பழைய பதிப்பைக் கட்டும்போது தேதியோடு தொடர்புடைய தோல்வி வந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தோல்வி மிஞ்சினால், சோதனையின் பெயரையும் பிழைச் செய்தியின் மையச் சொற்களையும் கிட்ஹப்பில் பைத்தானின் பிழைப் பதிவேட்டில் தேடுங்கள். புதிதாகப் பதிய நேர்ந்தால் இயங்குதளப் பதிப்பு, கான்ஃபிகருக்குக் கொடுத்த விருப்பங்கள், விவர ஓட்டத்தின் வெளியீடு மூன்றும் அதில் இருக்கட்டும்.

தோல்வி இருந்தும் நிறுவலாமா? காரணம் தெரிந்து, அது சூழல் சார்ந்தது என்று உறுதியானால் நிறுவுங்கள். எண்கணிதம், குறியாக்கம், சுருக்கம், கோப்பு எழுதுதல் இவற்றில் ஒரு சோதனை காரணம் தெரியாமல் தோற்றாலும் நான் நிறுவ மாட்டேன். தவறான விடையை அமைதியாகத் தரும் பைத்தானை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

படி 6: நிறுவுதல்

மேக் ஆல்ட்இன்ஸ்டால்

'இன்ஸ்டால்' அல்ல, 'ஆல்ட்இன்ஸ்டால்'. இது பைத்தான்3.13 என்ற முழுப் பெயரில் மட்டும் நிறுவும். 'பைத்தான்3' என்ற பெயரைத் தொடாது. உபுண்டுவின் பல கருவிகள் அந்தப் பெயரை நம்பி ஓடுகின்றன.

பிறகு $ஹோம்/பைத்தான்313/பின் அடைவுக்குச் சென்று './பைத்தான்3.13 -எம் பிப் டவுன்லோட் ரெக்வெஸ்ட்ஸ்' என்று கொடுங்கள். கோப்பு இறங்கிவிட்டால் அடுத்த கணினிக்குப் போகலாம்.