லினக்ஸில் சிடி எழுதும்போது வரும் அனுமதிப் பிழைகள்

டிரைவில் வெற்று சிடியைப் போட்டு, எழுதச் சொன்னதும் பிழை வந்து நிற்கிறதா? உடனே நிர்வாகி உரிமையில் ஓட்டும் 'சூடோ' போடாதீர்கள். வந்த செய்தியின் சொற்களைக் கவனியுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால், டிரைவுக்குரிய சாதனக் கோப்பைத் திறக்கவே உங்கள் கணக்குக்கு உரிமை இல்லை. 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றால் பெரும்பாலும் கோப்பு திறந்துவிட்டது. டிரைவுக்குப் போன கட்டளையை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மறித்துவிட்டது. 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' அனுமதிச் சிக்கலே அல்ல. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் வகைதான் அதிகம். டெர்மினலில் 'எல்எஸ் -எல் /டெவ்/எஸ்ஆர்0' கொடுங்கள் (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: ls -l /dev/sr0). '/டெவ்/சிடிராம்' என்று கொடுத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்: அது வெறும் இணைப்பு, எல்லாருக்கும் எல்லா உரிமையும் இருப்பதாகக் காட்டும். உண்மையான கோப்பு எஸ்ஆர்0தான். அதன் உரிமையாளர் ரூட் எனும் முதன்மை நிர்வாகி. அதன் பயனர் குழு, லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டுவில் 'சிடிராம்', ஆர்ச்சில் 'ஆப்டிகல்'. உரிமையாளருக்கும் குழுவுக்கும் படிக்க, எழுத அனுமதி இருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

உரிமை வரிசையின் கடைசியில் கூட்டல் குறி இருந்தால், கணினி முன் உட்கார்ந்து உள்நுழைந்தவருக்கு, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தனியாக அனுமதி கொடுத்திருக்கிறது என்று பொருள். 'கெட்ஃபேக்ல் /டெவ்/எஸ்ஆர்0' யாருக்கு என்று காட்டும். தொலைவிலிருந்து இணையும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வருபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. நேரில் எழுதும் சிடி, தொலைவிலிருந்து மட்டும் எழுத மறுப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். அவர்களுக்குக் குழு உறுப்பினர் ஆவதுதான் வழி:

'சூடோ யூசர்மாட் -ஏஜி சிடிராம் பயனர்பெயர்'

இதில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ-யை விட்டுவிட்டால் பழைய துணைக்குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீங்கள் நீக்கப்படுவீர்கள், சூடோ குழு உட்பட. பிறகு அதைச் சரிசெய்யவே ரெக்கவரி மோடுக்குப் போக வேண்டிவரும்.

சேர்த்தும் பிழை தொடர்கிறதா? 'ஐடி பயனர்பெயர்' புதிய குழுவைக் காட்டும். வெறும் 'ஐடி' காட்டாது. முன்னது பதிவேட்டைப் படிக்கிறது, பின்னது இப்போது ஓடும் அமர்வைப் படிக்கிறது. முழுமையாக வெளியேறி உள்நுழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மறுதொடக்கம். ஒரே டெர்மினலுக்கு மட்டும் போதுமென்றால் 'நியூஜிஆர்பி சிடிராம்'.

'சிஎச்மாட் 666' போட்டு முடித்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். '/டெவ்' அடைவு நினைவகத்தில்தான் இருக்கிறது. மறுதொடக்கத்தில், சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் யுடெவ் பழைய உரிமைகளோடு மறுபடி உருவாக்கும். கே3பி, பிரசேரோ போன்ற வரைகலை நிரல்களை சூடோவில் திறப்பதும் ஆபத்து. உங்கள் ஹோம் அடைவில் ரூட்டுக்குச் சொந்தமான அமைப்புக் கோப்புகள் விழலாம். அடுத்த முறை சாதாரணமாகத் திறக்கும்போது அவையே புதுப் பிழைகளைக் கிளப்பும்.

குழு சரியாக இருந்தும், கட்டளைவரியில் சிடி எழுதும் நிரலான சிடிரெக்கார்ட் மட்டும் தகராறு செய்தால் '/டெவ்/எஸ்ஜி' கோப்புகளைப் பாருங்கள். அது அந்த வழியாகவும் டிரைவை அணுகும். 'எல்எஸ்ஸ்கசி -ஜி' எந்த எஸ்ஜி உங்கள் டிரைவுக்குரியது என்று சொல்லும். அப்படி ஒன்றுமே இல்லையென்றால் 'சூடோ மாட்புரோப் எஸ்ஜி'.

இரண்டாம் வகைப் பிழைக்குக் காரணம் கெர்னலின் வடிகட்டி. 2004இல் வந்த 2.6.8 பதிப்பிலிருந்து, ரூட் அல்லாதவர் டிரைவுக்கு நேரடியாக அனுப்பும் கட்டளைகளில் ஏற்கப்பட்டவை மட்டுமே கடக்கும். சில டிரைவ்களின் தயாரிப்பாளர்-சிறப்புக் கட்டளைகள் இதில் மாட்டும். இங்கே மட்டும், கட்டளைவரி நிரலை சூடோவில் ஓட்டுவது நியாயம்.

'எம்லாக்ஆல்' பற்றிய எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். எழுதவேண்டிய தரவு காத்திருக்கும் இடையகத்தை நினைவகத்தில் பூட்ட முடியவில்லை, அவ்வளவே. எழுதும் வேலை பொதுவாக நடக்கும்.

பிஸி என்றால், டெஸ்க்டாப் சிடியைத் தானாக ஏற்றி (மவுண்ட்) வைத்திருக்கும், மறுமுறை எழுதும் வட்டுகளில் குறிப்பாக. 'யுமவுண்ட் /டெவ்/எஸ்ஆர்0' கொடுங்கள். அப்போதும் விடாவிட்டால் 'சூடோ ஃபியூசர் -வி /டெவ்/எஸ்ஆர்0' பிடித்திருக்கும் நிரலைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் வட்டை வீணாக்காமல் சோதிக்க, சிடி எழுதும் கட்டளையான 'வோடிம் -வி -டம்மி டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 படக்கோப்பு.ஐஎஸ்ஓ' கொடுங்கள். லேசர் அணைந்த நிலையிலேயே முழு ஓட்டமும் நடக்கும். அது பிழையின்றி முடிந்தால் '-டம்மி'யை எடுத்துவிட்டு எழுதுங்கள்.