மேற்பலகையின் குவிவு கெட்டுப்போவது எங்கே?

கிளாசிக்கல் கிட்டாரின் மேற்பலகை பார்வைக்குத் தட்டையாகத்தான் தெரியும். கம்பிகளைக் கட்டும் கட்டையான பிரிட்ஜ் இருக்கும் அகன்ற பகுதியில் குறுக்காக ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். நடுவில் 2, 3 மில்லிமீட்டர் எழும்பியிருக்கும்; இதுதான் குவிவு. வயலினைப் போல இது செதுக்கி எடுத்த வளைவு அல்ல. ஏறத்தாழ 2 மி.மீ. கனமுள்ள ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் பலகையை, சோலேரா என்ற குழிவான அச்சில் அமர்த்தி, உள்பக்கம் சட்டங்களை ஒட்டிப் பூட்டி வைத்த வளைவு. பசை காயும் அந்தச் சில மணி நேரத்தில் நடக்கும் பிழையைப் பிறகு திருத்த வழியே இல்லை.

முதல் பிழை, ஈரப்பதத்தைக் கவனிக்காமல் ஒட்டுவது. மரம் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே நன்றாகச் சுருங்கும்; நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்குச் சட்டம் அப்படியே நிற்க, அதன்மேல் ஒட்டிய பலகை மட்டும் சுருங்கினால் குவிவு தட்டையாகும், பிறகு பள்ளமாகும், கடைசியில் வெடிக்கும். என் முதல் கிட்டாரை மழைக்காலத்தில் ஒட்டினேன். அச்சிலிருந்து எடுத்தபோது அழகான குவிவு. வெயில் ஏறியதும் பிரிட்ஜுக்கு முன்னால் பலகை உள்வாங்கிவிட்டது. இப்போது பலகையும் சட்டங்களும் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் உள்ள அறையில் பல நாள் கிடந்த பிறகுதான் பசையைத் தொடுகிறேன். ஈரப்பதமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நீர் அதிகமுள்ள பசையைத் தாராளமாகத் தடவுவதும் இதே பிழையின் இன்னொரு வடிவம்தான்; மெல்லிய பலகை அந்த நீரைக் குடித்து ஒரு பக்கம் உப்பும்.

அடுத்தது, சட்டத்தை நேராக இழைத்துவிட்டுக் கிளாம்ப் போட்டு வளைப்பது. விசிறிபோல விரியும் மெல்லிய சட்டங்கள் அச்சுக்கு இணங்கிப் போய்விடும். ஒலித்துளைக்குக் கீழே வரும் உயரமான குறுக்குச் சட்டம் இணங்காது. கிளாம்பை எடுத்ததும் பலகையையும் சேர்த்து நேராக்கப் பார்க்கும். அந்த இடத்துக்கு என்ன வளைவு தீர்மானித்தீர்களோ, அதை அதன் அடிப்பக்கத்தில் முன்பே இழைத்துவிடுங்கள். 360 மி.மீ. அகலத்தில் 3 மி.மீ. எழுச்சி என்பது சுமார் 5.4 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில். கண்ணால் ஊகிக்கக்கூடிய வளைவு அல்ல இது. வார்ப்புரு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பலகையையும் கிண்ணம்போல ஆக்கிவிடுவதும் உண்டு. விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு உட்காரும் மேல்பகுதி தட்டையாகவே இருக்க வேண்டும்.

நன்றாக வந்த குவிவைப் பிரிட்ஜ் ஒட்டும்போது அழிப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். பிரிட்ஜின் அடி தட்டையாக இருந்து, அதைக் கிளாம்பால் அழுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும்: பலகை தட்டையாகும், அல்லது நாளடைவில் பிரிட்ஜின் ஓரம் பெயரும். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையோடு அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, பிரிட்ஜை அது அமரும் இடத்திலேயே சிறிது சிறிதாகத் தேய்த்து, அடியில் வெளிச்சம் தெரியாதபடி பொருத்துங்கள். உள்ளே கொடுக்கும் தாங்குகட்டைக்கும் அதே வளைவு வேண்டும்.

கழுத்தின் சாய்வைக் கணக்கிடும்போது குவிவை மறப்பவர்களும் உண்டு. பிரிட்ஜ் 1 மி.மீ. உயர்ந்தால் 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி அரை மி.மீ. உயரும். அதைச் சரிசெய்ய, பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் மெல்லிய துண்டான சேடிலைத் தேய்த்துக்கொண்டே போனால், கம்பி சேடிலில் மடிந்து இறங்கும் கோணம் போய்விடும். ஓசையும் சோர்ந்துவிடும்.

குவிவு கூடினால் ஓசையும் கூடும் என்று நினைத்து 5, 6 மி.மீ. வரை ஏற்றுகிறார்கள். வளைவு கூடக் கூடப் பலகை விறைக்கும். விறைத்த பலகையை மென்மையான நைலான் கம்பியால் எளிதில் அசைக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ டோரெஸ் குவிவு கொடுத்தார் என்றால், பலகையை மெல்லியதாக வைத்தும் அது தாங்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே 3 மி.மீ.யில் தொடங்குங்கள். பெட்டியை மூடும்போதும் பலகை அந்த அச்சிலேயே இருக்கட்டும். தட்டையான மேசையில் வைத்துப் பக்கப் பலகைகளை ஒட்டினால் அந்த 3 மி.மீ.யும் அங்கேயே போய்விடும்.