அமெரிக்காவில் ஆன்லைனில் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா?

ரேஞ்சுக்குப் போய் நாலு தடவை சுட்டுப் பழகியதும் சொந்தமாக ஒன்று வாங்கலாமே என்று தோன்றும், உடனே ஆன்லைனில் தேட ஆரம்பிப்போம். அதற்கு முன்னால் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாக ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அதை வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். நண்பன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். பினாமியாக வாங்கினால் 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டுவரை சிறை.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கிறதா? சரி, மேலே போகலாம்.

ஆன்லைனில் பணம் கட்டினாலும் துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வராது. விற்பவர் அதை உங்கள் ஊரில் ஃபெடரல் லைசென்ஸ் உள்ள டீலருக்கு அனுப்புவார், எஃப்எஃப்எல் என்பார்கள். அங்கே போய் அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்பி, பேக்ரவுண்ட் செக்கில் தேறினால்தான் கைக்குக் கிடைக்கும். டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது, ரைஃபிளுக்கு 18; மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருக்கவும் வேண்டும். இந்தச் சுற்றுவழி எரிச்சல்தான், ஆனால் மோசடிக்காரனைக் காட்டிக்கொடுப்பதும் இதுவே. "டீலரெல்லாம் எதற்கு, நேரே வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன்" என்று புத்தம்புது பிஸ்டலுக்கு ஒருவன் சொன்னால், அவன் பணத்தைச் சுருட்டப் போகிறவன், இல்லையென்றால் உங்களையும் சேர்த்து வழக்கில் மாட்டவைக்கப் போகிறவன்.

விற்பவர் தன்னையும் டீலர் என்று சொன்னால் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப்பின் தளத்தில் ஈஸி செக் என்ற பக்கம் இருக்கிறது, எண்ணின் முதல் மூன்று இலக்கத்தையும் கடைசி ஐந்தையும் போட்டால் கடையின் பெயரும் முகவரியும் வரும். அதோடு நிறுத்தாதீர்கள், ஏனென்றால் உண்மையான கடையின் பெயரையும் லைசென்ஸ் நகலையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறார்கள். அந்தக் கடையின் போன் நம்பரை நீங்களே தனியாகத் தேடி எடுத்துக் கூப்பிட்டு, இந்தத் தளம் உங்களுடையதா என்று கேளுங்கள், இரண்டு நிமிட வேலை.

விலையில்தான் பலர் விழுகிறார்கள். எங்கும் ஸ்டாக் இல்லாத மாடல் இங்கே மட்டும் பாதி விலைக்கு இருக்கிறதென்றால் எதற்கு என்று யோசியுங்கள். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் அதே மாடல் எவ்வளவுக்குப் போனது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பணம் கிரெடிட் கார்டில் மட்டும். ஸெல் (Zelle) பணப் பரிமாற்றம், கிஃப்ட் கார்டு, கிரிப்டோ என்று கேட்டால் விலகிவிடுங்கள், போன காசு திரும்பாது. பேபால் துப்பாக்கி விற்பனையை அனுமதிப்பதே இல்லை. "நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்புங்க" என்று விற்பவர் சொல்வது அந்தத் தடையை ஏய்க்கத்தான். பணம் கட்டிய பிறகு "ஷிப்பிங் இன்சூரன்ஸ்" என்று இன்னொரு தொகை கேட்டால் ஒரு டாலர்கூட மேற்கொண்டு போடாமல் முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், அப்புறம் எஃப்பிஐ இணையக் குற்றப் புகார்களுக்காக வைத்திருக்கும் ஐசி3 தளத்தில் புகார் கொடுங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்து டீலரிடம் பெட்டி வந்துவிட்டதா? படிவத்தில் கை வைக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் விளம்பரப் படத்தோடு ஒத்துப்போகிறதா, பேரலுக்குள் துரு இருக்கிறதா, தோளில் வைக்கும் கட்டையில் (ஸ்டாக்) விரிசல் உண்டா என்று டீலரை வைத்துக்கொண்டே பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே மறுத்துவிடலாம், அவரே திருப்பி அனுப்புவார். உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிவிட்டால் பல விற்பனையாளர்கள் அதைப் பழைய சாமானாகத்தான் பார்ப்பார்கள், திரும்ப எடுக்க மாட்டார்கள்.