டர்ஃப் ரோல் வாங்கும் முன் ஜல்லியையும் மணலையும் கவனியுங்கள்

டர்ஃப், அதாவது செயற்கைப் புல், போடப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எம்.எம்.?" என்றுதான். 50 என்று பதில் வந்ததும் சதுர அடி விலைக்குப் பேரம் தொடங்கிவிடும். அந்த 50 இழையின் உயரம் மட்டும். அதில் 32 மி.மீ. வரை மணலும் ரப்பரும் மூடிவிடும், கண்ணுக்குத் தெரியும் புல் 18 மி.மீ.தான். பந்து எவ்வளவு எழும்பும், முட்டி தாங்குமா, மழை விட்டு எவ்வளவு நேரத்தில் இறங்கி ஆடலாம் என்பதெல்லாம் அந்த மூடிக் கிடக்கும் சரக்கின் கையிலும், அதற்கும் கீழே கிடக்கும் ஜல்லியின் கையிலும் இருக்கிறது. 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஆக 600 சதுர மீட்டர் உள்ள ஐவர் கால்பந்துத் திடலைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

தரை

மேல்மண்ணை 20 முதல் 30 செ.மீ. வரை வழித்து எடுங்கள். கரிசல் மண் என்றால் இன்னும் ஆழமாகத் தோண்டி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மழையில் ஊதி வெயிலில் வெடிக்கிற மண் அது. அப்படியே விட்டால் இரண்டாவது மழைக்குள் மேலே அலை அலையாகத் தெரியும். களிமண், கரிசல் இரண்டிலும் ஜல்லிக்கு அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பது நல்லது. ஜல்லி சேற்றுக்குள் இறங்காது.

அதன்மேல் 40 மி.மீ. ஜல்லி 10 செ.மீ., அடுத்து சின்ன ஜல்லியும் தூளும் கலந்த வெட் மிக்ஸ் 10 செ.மீ. ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக ரோலர் ஓட்டி இறுக்குங்கள். 20 செ.மீ.யையும் ஒரேயடியாகக் கொட்டி ஓட்டினால் மேல்பகுதிதான் இறுகும், அடிப்பகுதி தளர்ந்தே கிடக்கும். கடைசியாக மட்டம் பார்க்க கிரஷர் டஸ்ட் (கல் உடைத்த தூள்) 2 செ.மீ. போதும். பள்ளத்தை நிரப்ப 6, 7 செ.மீ. டஸ்ட் போட்டு ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. தண்ணீர் இறங்கியதும் அது கூழாகி, கால் வைத்தால் அமுங்கும்.

வாட்டம் 100க்கு 1. நீளவாக்கில் நடுக்கோட்டை மேடாக வைத்தால் பக்கவாட்டில் 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்கும். 3 மீட்டர் அலுமினிய மட்டக்கோலை எங்கே வைத்தாலும் அடியில் 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. இந்தச் சோதனையை நீங்களே நின்று பாருங்கள். ரோல் விரித்த பிறகு எந்தப் பள்ளத்தையும் சரிசெய்ய முடியாது. வலைக் கம்பங்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் குழி எடுப்பது, சுற்றிலும் கான்கிரீட் கரை கட்டுவது எல்லாம் ரோல் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மொட்டைமாடியிலோ பழைய கான்கிரீட் தளத்திலோ போடுகிறவர்கள் அடியில் ஷாக் பேட் (அதிர்ச்சி தாங்கும் மெத்தை) விரிக்காமல் போடவே வேண்டாம்.

ரோல் தேர்வு

இழை பாலிஎத்திலீனாக இருக்கட்டும். பாலிபுரோப்பிலீன் விலை குறைவு, ஆனால் விறைப்பானது, சறுக்கி விழுந்தால் தோலை உரிக்கும். டீடெக்ஸ் என்பது 10,000 மீட்டர் இழையின் எடை, கிராமில். 12,000 டீடெக்ஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த 12,000 ஒரு குஞ்சத்தில் (ஒரே தையலில் சேர்ந்து நிற்கும் இழைக் கற்றை) எத்தனை இழைக்குப் பங்காகிறது என்று கேளுங்கள். ஆறு இழை என்றால் ஒவ்வொன்றும் 2,000, எட்டு என்றால் 1,500. எண் ஒன்றுதான், ஆனால் மெலிந்த இழை சீக்கிரம் படுத்துவிடும்.

சாம்பிள் துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பூச்சு லேடெக்ஸா, பாலியூரித்தேனா? ஈரம் தங்கும் இடத்துக்குப் பாலியூரித்தேனே மேல். பிறகு ஒரு முழுக் குஞ்சத்தை லக்கேஜ் தராசின் கொக்கியில் மாட்டி இழுங்கள். 4 கிலோ காட்டுவதற்குள் பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த ரோல் வேண்டாம்.

ரோல் அகலம் 4 மீட்டர். அகலவாக்கில் விரித்தால் 20 மீட்டர் ரோல் எட்டு வேண்டும், கடைசி ரோலில் பாதி வீண், ஒட்டுக்கோடு 140 மீட்டர். நீளவாக்கில் விரித்தால் 30 மீட்டர் ரோல் ஐந்து போதும், ஒட்டு 120 மீட்டர். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: ஒட்டும் முன் ஓரத்துக் குஞ்ச வரிசைகள் இரண்டு மூன்றை வெட்டித் தள்ள வேண்டியிருக்கும். அதனால் ஐந்து ரோல் முழு 20 மீட்டருக்கு எட்டாது. திடலின் அகலத்தை 19.6 என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

எல்லா ரோலின் இழையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டாலும் அந்தப் பட்டை மட்டும் வேறு நிறமாகத் தெரியும். விரித்து வெயிலில் சில மணி நேரம் சுருக்கம் நீங்க விட்டு, 30 செ.மீ. அகல டேப்பின் மேல் இரட்டைக் கலவைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுங்கள். காலைப் பனியோ தூறலோ பட்ட இடத்தில் இந்தப் பசை நுரைத்துப் பொங்கி வலுவிழக்கும். முதலில் பிய்வது அங்கேதான்.

மணலும் ரப்பரும்

சதுர மீட்டருக்கு சிலிக்கா மணல் 15 கிலோ, ரப்பர் துகள் 10 கிலோ. 600 சதுர மீட்டருக்கு 9 டன் மணல், 6 டன் ரப்பர். மணல் ஏறக்குறைய 10 மி.மீ.யும், ரப்பர் 22 மி.மீ.யும் நிரப்பும். முன்னே சொன்ன 32 வருவது இப்படித்தான். செலவைக் குறைக்க ரப்பரைப் பாதியாக்கி மணலைக் கூட்டுவது அடிக்கடி நடக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சில மாதத்தில் தரை இறுகி, ஆடுகிறவர்களின் முட்டியும் குதிகாலும் சொல்லிவிடும்.

மணல் உருண்டையாக, கழுவி உலர்த்தியதாக, 0.4 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டும். எம்-சாண்ட் கூர்முனை உள்ளது, இழையை அறுக்கும். கடல் மணலில் உப்பும் சிப்பித்தூளும். ஒரு பிடி எடுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் கலங்கலாகவே நின்றால் அந்தத் தூசி நாளைக்கு டர்ஃபின் அடியில் தண்ணீர் இறங்கும் துளைகளை அடைக்கும், குளம் கட்டும்.

தூவுவது பொறுமை கேட்கிற வேலை. மணலை ஒரு சுற்றுக்கு சதுர மீட்டருக்கு 3, 4 கிலோ வீதம் தூவி, இழை சாய்ந்த திசைக்கு எதிராகப் பிரஷ் போட்டு நிமிர்த்தி, அடுத்த சுற்று. மூட்டையை மொத்தமாகக் கவிழ்த்தால் இழை படுத்த வாக்கிலேயே புதைந்துவிடும், பிறகு தோண்டி எடுக்க முடியாது. மணல், இழை இரண்டும் காய்ந்திருக்க வேண்டும்.

ரப்பர் வேண்டாம் என்றால் தக்கையும் தேங்காய் நாரும் கலந்த நிரப்பி உண்டு, சூடும் குறைவு. ஆனால் தக்கை மிதக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். ரப்பருக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை: ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதிப்படி, 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே இத்தகைய துகள்களை இதற்காக விற்க முடியாது. நாமும் வடிகால் வாயில் ஒரு சல்லடைப் பெட்டி வைத்தால் துகள் வாய்க்காலுக்குப் போகாது, அள்ளித் திரும்பப் போடலாம்.

வேலை முடிந்ததும்

பணத்தைத் தீர்க்கும் முன் பந்தைப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட்டில் 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 1.35 மீட்டர் அளவுக்கு எழும்பும்படி காற்றடித்த பந்து, டர்ஃபில் 0.6 முதல் 1 மீட்டர் வரை எழும்ப வேண்டும். பக்கத்தில் அளவு குறித்த கம்பை நட்டு, போனில் ஸ்லோமோஷனில் எடுத்தால் சண்டைக்கு இடமில்லை. ஐந்தாறு இடங்களில் பாருங்கள். 1 மீட்டரைத் தாண்டினால் ரப்பர் குறைவு அல்லது இறுகிவிட்டது. 60 செ.மீ.யைத் தொடாவிட்டால் நிரப்பி தளர்ந்து கிடக்கிறது.

கோடை மதியத்தில் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் அடிப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான். புக்கிங்கை மாலையில் தொடங்குவதே சரி.

வாரம் ஒருமுறை திசை மாற்றி மாற்றிப் பிரஷ் போடுங்கள். கோல் முகப்பும் பெனால்டி புள்ளியும்தான் முதலில் காலியாகும். ஒரு மெல்லிய இரும்பு ஸ்கேலைச் செருகி ஆழம் பாருங்கள், 25 மி.மீ.க்குக் கீழே போன இடத்தில் ரப்பரைக் கொட்டி நிரப்புங்கள். அதற்காகவே ஆர்டர் கொடுக்கும்போது 300 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஆறு, கூடுதலாக வாங்கி மழை படாத இடத்தில் அடுக்கி வையுங்கள்.