வெள்ளைப்புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள்: மீன்தொட்டி வைத்தியம், படிப்படியாக

கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் சென்னையில் மீன் வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மீன் மேல உப்பு தூவின மாதிரி இருக்கு, என்ன மருந்து போடலாம்?" வெயில் காலம் முழுக்க 30 டிகிரியில் கிடந்த தொட்டித் தண்ணீர், தொடர்ந்து மழை பிடித்தால் 25க்கும் கீழே இறங்கிவிடும். அதே சமயம் கொளத்தூருக்குப் போய் நாலு புது மீன் வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டிருப்போம். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒயிட் ஸ்பாட் என்ற வெள்ளைப்புள்ளி நோய் வருவதற்கு வேறெதுவும் வேண்டாம்.

என் வீட்டு 2 அடித் தொட்டியில் கருப்பு மோலி, கத்திவால், அடியில் மேயும் கெளுத்தி வகையான கொரிடோரஸ். இதே நோயை இதில் வைத்தியம் பார்த்து முடித்த முறையைத்தான் கீழே எழுதுகிறேன். ஃபில்டர் ஓடுகிறது, தண்ணீர் மாற்றத் தெரியும் என்ற நம்பிக்கையில் அடிப்படைகளை விட்டுவிடுகிறேன்.

முதலில் தண்ணீர், பிறகு மீன்

மீன் சோர்ந்து நின்றால் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள், டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். ஏதாவது ஒன்று ஏறியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, கல்லில் உரசுவது எல்லாம் கெட்ட தண்ணீரிலும் நடக்கும். பி.எச் அதிகமான போர் தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு இன்னும் கூடும். மெட்ரோ தண்ணீரோ லாரி தண்ணீரோ, குளோரின் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு ஆன்ட்டி குளோரின் சேருங்கள்.

காகிதப் பட்டையில் நிறம் பார்க்கும் கிட்டை நான் சிபாரிசு செய்வதில்லை. சொட்டு விட்டுக் குழாயில் பார்க்கும் வகை விலை கூடுதல்தான், ஆனால் மருந்து போடும் நாட்களில் அதைத்தான் நம்ப முடிகிறது.

அந்த வெள்ளை எந்த வெள்ளை?

அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

தனித்தனியாக, மேடாக, 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வெள்ளைப் புள்ளிகள் உடம்பிலும் துடுப்பிலும் சிதறியிருந்தால் அது ஒயிட் ஸ்பாட். இக்தியோப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை. கருப்பு மோலியில் இது சீக்கிரம் கண்ணில் படும். வெளிர் நிற மீனில் வாலையும் முதுகுத் துடுப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள்.

புள்ளி புள்ளியாக இல்லாமல் பொன்னிறத் தூசி படிந்ததுபோலத் தெரிந்தால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். வாயைச் சுற்றியோ முதுகிலோ சாம்பல் வெள்ளையாகத் திட்டு இருந்தால் கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். இதை ஒயிட் ஸ்பாட் என்று நினைத்து ஹீட்டரை ஏற்றினால் மீனைச் சீக்கிரம் இழப்பீர்கள், ஏனென்றால் சூட்டில் கொலம்னாரிஸ் வேகமாகப் பரவும். திட்டா, புள்ளியா என்பது தெளிவாகத் தெரியாதவரை சூட்டை ஏற்றாதீர்கள்.

இன்னொன்று: புள்ளியே தெரியாமலும் ஒயிட் ஸ்பாட் வரும். செவுளில் மட்டும் பிடித்திருந்தால் மீன் மூச்சுக்குத் தவிக்கும், உடம்பு சுத்தமாக இருக்கும். தண்ணீர் சரியாக இருந்து, புது மீன் விட்ட சில நாட்களில் இப்படி ஆனால் சந்தேகப்படுங்கள்.

புள்ளி எங்கே போகிறது?

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரமில்லாமல் படியுங்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்.

மீன் மேல் நாம் பார்க்கும் புள்ளி, தோலின் மேலடுக்குக்குக் கீழே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. தோல் அதற்குக் கூரை. எந்த மருந்தும் அந்தக் கூரையைத் தாண்டி அதைத் தொடாது. தின்று முடித்ததும் தானாகக் கழன்று தொட்டியின் அடியில், கல்லிலோ செடியிலோ போய் ஒட்டிக்கொள்ளும். தன்னைச் சுற்றி ஒரு பசைச் சுவரைக் கட்டிக்கொண்டு உள்ளே பிரியும். ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரைகூட குட்டிகள். சுவரை உடைத்து அவை நீந்தி வெளியே வரும்போதுதான் மருந்துக்கும் உப்புக்கும் அகப்படும். அந்த நிலையில் ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மருந்து போட்ட மூன்றாம் நாள் மீன் பளிச்சென்று இருக்கிறது. மருந்து கேட்டது என்று நிறுத்திவிடுகிறோம். மருந்தே போடாமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் அன்று கழன்று விழுந்திருக்கும். அவை அடியில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் முன்பைவிடப் பல மடங்கு புள்ளியோடு மீன் நிற்கும், மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை போடுவோம்.

24 முதல் 26 டிகிரியில் இந்தச் சுற்று முழுவதும் 3 முதல் 6 நாளில் முடியும். குளிர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். சூட்டை ஏற்றுவதன் முக்கியமான காரணம் இதுதான்: ஒளிந்திருப்பவை சீக்கிரம் வெளியே வரும், மருந்துக்குச் சீக்கிரம் அகப்படும்.

நோய் தெரிந்த ஒரு மீனைப் பிடித்து வாளியில் போட்டு வைத்தியம் பார்ப்பதால் பயனில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். நோய் தொட்டியில் இருக்கிறது. மருந்து தொட்டிக்குத்தான்.

லிட்டர் கணக்கு

மருந்துப் புட்டியில் லிட்டருக்கு இத்தனை சொட்டு என்று இருக்கும். உங்கள் தொட்டி எத்தனை லிட்டர்? 24, 12, 12 அங்குலத் தொட்டியை 57 லிட்டர் என்பார்கள். ஆனால் கல்லுக்கு மேல் தண்ணீர் 9 அங்குல உயரம்தான் நிற்கிறது என்று வையுங்கள். 24 × 12 × 9 = 2592, ஒரு லிட்டருக்கு 61 கன அங்குலம் என்பதால் அதை 61ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 லிட்டர். 57க்குக் கணக்குப் போட்டு ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு அதிக மருந்து. கொரிடோரஸும், அதைப் போலவே அடியில் வாழும் லோச் மீனும் அதைத் தாங்காது.

இனி வைத்தியம்

ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். பஞ்சும் செராமிக்கும் இருக்கட்டும். நத்தை, இறால், செடிகளை மீன் இல்லாத வேறொரு வாளிக்கு மாற்றுங்கள். இரண்டு வாரம் மீன் இல்லாமல் இருந்தால் அவற்றோடு போன ஒட்டுண்ணியும் மடிந்துவிடும்.

ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் பிடிக்கும், 30இல் 7.6தான். செவுள் ஏற்கெனவே அடிபட்ட மீனுக்கு இந்த வித்தியாசம் பெரியது. மின்வெட்டு உள்ள பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், அதற்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

ஹீட்டரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் ஏற்றி 29, 30இல் நிறுத்துங்கள். 2 அடித் தொட்டிக்குச் சென்னையில் 50 வாட் போதும். ஹீட்டரில் உள்ள எண்ணை நம்பாமல் தனியாக ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் வையுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஹீட்டரே தேவைப்படாது, தண்ணீர் தானே அங்கே இருக்கும்.

அடுத்தது உப்பு. லிட்டருக்கு 2 கிராம், அதாவது 42 லிட்டருக்கு 84 கிராம் கல் உப்பு. கரண்டியால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஒன்றரை நாளில் ஊற்றி முடியுங்கள். கொரிடோரஸ், லோச் இருந்தால் பாதி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அயோடின் உப்பு போட்டால் மீன் செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். இந்தச் சிறிய அளவில் அது ஒன்றும் செய்யாது.

மோலி, கத்திவால் போன்றவற்றுக்கு ஆரம்ப நிலையில் சூடும் உப்பும் பல சமயம் போதும். புள்ளி நிறைய இருந்தாலோ, மூச்சுக்குத் தவித்தாலோ மாலகைட் கிரீன் உள்ள மருந்தைச் சேர்க்கிறேன். டெட்ராவுக்கும் செதில் இல்லாத மீனுக்கும் பாதி அளவு. கையுறை போடுங்கள், அது தோலில் படவே கூடாத பொருள். உண்ணும் மீனுக்கு ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள். வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால் விளக்கை அணைத்துவிட்டு மாலையில் ஊற்றுவது நல்லது.

வரிசை முக்கியம். முதலில் சைஃபன் குழாயால் கல்லின் அடிவரை உறிஞ்சி அழுக்கோடு கொஞ்சம் தண்ணீரை எடுங்கள், அதோடு ஒட்டியிருப்பவையும் போகும். பிறகு அதே சூட்டில் புதுத் தண்ணீர், அதற்குரிய உப்பு, கடைசியில் மருந்து. மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுவது என்பது புட்டிக்குப் புட்டி மாறும், லேபிளைப் பாருங்கள்.

கடைசிப் புள்ளி மறைந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். அந்த நாளிலிருந்து இன்னும் ஒரு வாரம் சூடும் உப்பும் மருந்தும் அப்படியே தொடர வேண்டும். அதன் பிறகு கரியைத் திரும்ப வைத்து, தண்ணீர் மாற்றும்போது உப்பில்லாத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பின்னர் சேர்த்தது

படித்துவிட்டு நீங்கள் எழுதியதில் சில புதுச் சிக்கல்கள் தெரிந்தன.

உப்பு கூடிக்கொண்டே போய் மீன் தள்ளாடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஊற்றும்போது உப்பே போடக் கூடாது. வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு: 14 லிட்டர் எடுத்தால் 28 கிராம்.

மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை ஊற்றியபின் தண்ணீர் கலங்கி மீன்கள் மேலே வந்து தவித்ததாக இன்னொருவர் சொன்னார். ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை அந்த நீலம் கொன்றுவிடும். அதைத் தனி வாளியில் மட்டும் பயன்படுத்துங்கள், தொட்டியில் வேண்டாம்.

கோல்டு மீனின் செவுள் மூடியில் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி, வைத்தியம் செய்தும் போகவில்லை என்று ஒரு கேள்வி. அது ஆண் மீன், இனப்பெருக்கப் பருவத்தில் வருவது. மருந்தை உடனே நிறுத்துங்கள்.

"பழைய மீனெல்லாம் நன்றாக இருக்க, புதிதாக விடும் மீனுக்கு மட்டும் ஏன் வருகிறது?" பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், ஒட்டுண்ணி வெளியே தெரியாமல் அவற்றில் தங்கியிருக்கும். இப்படிப்பட்ட தொட்டியில் புது மீன் விடுவதற்கு முன் மேலே சொன்ன வைத்தியத்தை ஒருமுறை முழுதாகச் செய்துவிடுங்கள். புது மீன்களை ஸ்பான்ஞ் ஃபில்டர் போட்ட தனிப் பெட்டியில் மூன்று வாரமாவது வையுங்கள். அந்தப் பெட்டிக்கென்று தனி வலை வேண்டும். ஒரே வலைதான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தொட்டியில் விடுங்கள்.