சம்ப் பளபளத்தது, பேரிங் போனது

போன மாதம் எதிர்வீட்டுத் தம்பியும் அவன் நண்பனும் ஒரு எஞ்சின் சம்பை (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) பழைய வேட்டியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1970-களின் அம்பாசிடர் மார்க் 2. பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்த சம்ப், வெள்ளிக் கிண்ணம் போல இருந்தது. "பிளாஸ்டிங் கொடுத்தோம்ணா. எப்படி இருக்கு பாருங்க" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மாதிரி ஒரு சம்பை, இதே பெருமையோடு, பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

கையுறை போடு, கண்ணாடி மாட்டு, கழற்றும் முன் போட்டோ எடுத்து வை, பெட்ரோலில் கழுவாதே. இதையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்வார். நான் சொல்ல வந்தது, பழைய எஞ்சின் பாகங்களைச் சுத்தம் செய்யும் வேலை நன்றாக முடிந்துவிட்டது என்று நாமே நம்பிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து கடிக்கிற தவறுகளை.

உள்ளே எண்ணெய் ஓடும் பாகத்தை பிளாஸ்டிங்குக்குக் கொடுப்பது

பிளாஸ்டிங் என்றால் அழுத்தக் காற்றோடு பொடியான கண்ணாடி மணிகளை (சில இடங்களில் மணலை) பாகத்தின் மேல் அடிப்பது. துரு, பெயிண்ட், எரிந்த எண்ணெய் எல்லாம் சில நிமிடத்தில் போய்விடும். பிராக்கெட், புல்லி, ஃபேன் பிளேடு, ஏர் கிளீனர் டப்பா போன்றவற்றுக்கு அருமையான வேலை.

சம்ப் அப்படியல்ல. பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடி பம்ப்பைக் காயவிடக் கூடாது என்பதற்காகப் பல சம்ப்களின் உள்ளே ஒரு தடுப்புத் தகட்டை ஸ்பாட் வெல்டு செய்திருப்பார்கள். தகட்டுக்கும் சம்பின் சுவருக்கும் நடுவே நகம் நுழையாத ஓர் இடுக்கு இருக்கும். காற்றழுத்தத்தில் பறக்கும் மணி அங்கே போய்ச் செருகிக்கொள்ளும். மூச்சுக்குழாய் வைத்த ராக்கர் கவரில் (எஞ்சினின் உச்சி மூடி) உள்பக்கம் எண்ணெய் தெறிக்காமல் ஒரு சின்னத் தகடு இருந்தால் அதிலும் இதே கதைதான். சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் தகடு கிடையாது. ஆனால் அதன் உள்சுவர் வார்ப்பில் சொரசொரவென்று வந்தது, மணிகள் அதிலேயே ஒட்டி நிற்கும். அங்கிருந்து அவற்றுக்கு ஒரே வழிதான் உண்டு, நேராக சிலிண்டருக்குள்.

நான் அன்று சம்பை மண்ணெண்ணெயில் ஒரு முறை, சோப்புத் தண்ணீரில் ஒரு முறை கழுவினேன். கம்ப்ரஸர் காற்றும் அடித்தேன். கை வைத்தால் சுத்தமாக இருந்தது. பிளாக் (எஞ்சினின் உடல்), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எல்லாம் ஏற்கெனவே லேத்தில் வேலை முடிந்து, கிராங்கைத் தாங்கும் புது பேரிங் போட்டுத் தயாராக இருந்தன. மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்தால் சத்தம் தேன் மாதிரி. நானூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு தாண்டி டீ குடிக்க நிறுத்தும்போது, ஐடிலில் ஆயில் லைட் (எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிவது) மினுக் மினுக் என்றது. வயர் லூஸாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடுவரை ஓட்டி வந்தேன். இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அந்த அரை மணி நேர டிரைவைத்தான்.

சம்பை இறக்கினோம். பிக் எண்டு பேரிங்கின் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது) மேல் பகுதி, புதிதாக மாட்டியபோது பட்டுப்போல இருந்தது, மழை பெய்த மண் தரை போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. கிராங்கின் மேல் நகத்தை ஓட்டினால் கிராமஃபோன் தட்டு மாதிரி தட்டியது.

நடந்தது இதுதான். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே எண்ணெய்ப் படலத்துக்கு விடும் இடைவெளி சுமார் இரண்டு தவு, அதாவது 0.05 மில்லிமீட்டர். பிளாஸ்டிங் மணி சாதாரணமாக அதைவிடப் பெரியது. உடைந்த சில்லுகள் சிறியவை, கூர்மையானவை. எஞ்சின் சூடேறி எண்ணெய் அலைபாயும்போது இடுக்கிலிருந்து இவை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆயில் ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். ஃபில்டருக்கு முன்னால் பம்ப் இருக்கிறது. முதல் கடி அதற்குத்தான். தவிர, காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதோ ஃபில்டர் அடைக்கும்போதோ பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே பேரிங்குக்கு அனுப்பும். எஞ்சின் எண்ணெயில்லாமல் தவிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேரிங்கின் மேல்பூச்சு மெத்தென்ற உலோகம். கண்ணாடிச் சில்லு அதில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பேரிங்கே உப்புத்தாளாகிக் கிராங்கைத் தேய்க்கும்.

மூன்று மெயின் பேரிங், நாலு பிக் எண்டு, ஆயில் பம்ப், எல்லாம் மறுபடியும் புதிது. ஏற்கெனவே 20 தவு தேய்த்துச் சிறிதாக்கியிருந்த (20 அண்டர்சைஸ்) கிராங்க் 40-க்குப் போனது. இந்த எஞ்சினுக்கு அதற்கு மேல் பேரிங் கிடைப்பது குதிரைக் கொம்பு. இன்னொரு முறை கோடு விழுந்தால் கிராங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இத்தனைக்கும் சம்ப் எங்கே இருக்கிறது? வண்டிக்கு அடியில். யாராவது குனிந்து படுத்துப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

பிளாஸ்டிங் செய்த கடைக்காரர் மேல் அன்று எனக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால், கொடுத்தது நான். உள்ளே தகடு இருக்கிறது என்று சொல்லாததும் நான்.

இப்போது என் வழக்கம் இது. சம்பும் ராக்கர் கவரும் டீசலில் ஒரு நாள் ஊறும். அப்புறம் பிரஷ், டிகிரீசர், வெந்நீர். வெளிப்பக்கப் பெயிண்டை ஸ்ட்ரிப்பர் தடவி எடுப்பேன். பிளாஸ்டிங்தான் வேண்டும் என்றால் முதலில் ஸ்பாட் வெல்டைத் துளைத்துத் தகட்டைக் கழற்றி, சுத்தம் செய்த பின் திரும்பப் பற்றவைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் சோடா உப்பு அடிக்கும் கடை கிடைத்தால் இன்னும் நல்லது; மிச்சம் தங்கினாலும் வெந்நீரில் கரைந்துவிடும்.

ஏற்கெனவே அடித்தாகிவிட்டதா? வெயிலில் நன்றாகக் காயவைத்து, கறுப்பு சார்ட் பேப்பரின் மேல் கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். சர்க்கரை சிந்தின மாதிரி மின்னினால் அதுதான்.

அலுமினியத்தைக் காஸ்டிக்கில் ஊறப்போடுவது

வார்ப்பிரும்பு பிளாக்கைக் காஸ்டிக் சோடாவில் வேகவைப்பது பழைய பழக்கம், தப்பில்லை. அந்தத் தொட்டியிலேயே அலுமினியத்தையும் போட்டால் அது கரையும். நுரை பொங்கும், வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்றவைத்தால் குபீரென்று பிடிக்கும். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வார்ப்பிரும்பு. பிரீமியர் பத்மினிக்கு ஹெட் அலுமினியம். ஒரு வண்டியில் கற்றுக்கொண்டதை இன்னொரு வண்டியில் செய்யும்போதுதான் ஹெட் போகிறது. எது என்ன உலோகம் என்று தெரியவில்லையா, காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

கேஸ்கெட் முகத்தில் கிரைண்டர் டிஸ்க்

இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் ஒட்டிப்போனால், அதைச் சுரண்டப் பொறுமையில்லாமல் நார் டிஸ்க்கை மாட்டி ஓட்டுகிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு விநாடி நின்றால் அலுமினியத்தில் பள்ளம். பள்ளத்தைவிட மோசம், டிஸ்க்கிலிருந்து உதிரும் தூள். அது அலுமினியம் ஆக்ஸைடு, பேரிங்கைப் பொறுத்தவரை கண்ணாடி மணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே இந்த டிஸ்க்குகளை எஞ்சின் முகங்களில் ஓட்ட வேண்டாம் என்று தன் மெக்கானிக்குகளுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கேஸ்கெட் ரிமூவர், ஒரு மாலை நேரம். அவ்வளவுதான் தேவை.

எஸ்.யு. கார்புரேட்டர் பிஸ்டனுக்குப் பாலிஷ்

கூடாது. அந்தப் பிஸ்டனும் மேல் கிண்ணமும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்திய ஜோடி; தேய்த்தால் பொருத்தம் கெடும்.

எல்லா போல்ட்டையும் ஒரே பையில் பிளேட்டிங்குக்கு (உலோகப் பூச்சுக்கு) அனுப்புவது

பிராக்கெட் போல்ட்டை அனுப்புங்கள். கனெக்டிங் ராடு போல்ட், ஹெட் ஸ்டட் வேண்டாம். ஆசிட்டில் முக்கும்போதும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து, உறுதியான போல்ட்டை உள்ளுக்குள்ளேயே நொறுங்கும்படி ஆக்கிவிடும். முறையாகச் செய்பவர்கள் உடனே 200 டிகிரி வாக்கில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து அதை வெளியேற்றுவார்கள். நம் தெருமுனைக் கடையில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். போல்ட் உடைவது டைட் செய்யும்போது அல்ல, மறுநாளோ மறுவாரமோ.

பிரேக் கிளீனர் அடித்த கையோடு வெல்டிங்

குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் ஃபாஸ்ஜீன் ஆகும். முதல் உலகப் போரில் ஆளைக் கொன்ற வாயு அது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு சாதாரண எஞ்சின் பெயிண்ட்

புகையும். நாறும். உரியும்.

கழுவிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவது

வெறும் வார்ப்பிரும்பு சென்னைக் காற்றில் அரை மணி தாங்காது. பிளாக்கை வெந்நீரில் அலசினால் அந்தச் சூட்டிலேயே காற்றடித்துக் காயவைத்து, சிலிண்டர் சுவரில் எண்ணெய் தடவிவிட வேண்டும். சாப்பிட்டுத் திரும்பினால் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கும். இதையும் செய்து பார்த்தாகிவிட்டது.

தம்பிகள் சம்பை இப்போது மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். தகட்டைக் கழற்றச் சொன்னேன், அவர்களுக்கு மனசு வரவில்லை. நேற்றுத் தட்டியபோதும் பேப்பரில் ஏழெட்டு மணி விழுந்ததாம்.