கனடா ஸ்பான்சர்ஷிப்: மெடிக்கலை எப்போது எடுப்பது?

கணவன் அல்லது மனைவி வழியாகக் கனடாவுக்கு விண்ணப்பித்த கையோடு மெடிக்கலையும் முடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். மெடிக்கல் முடிவு 12 மாதம்தான் செல்லும். அதற்குள் கனடாவில் போய் இறங்கியாக வேண்டும். கோப்பு இழுத்தடித்தால் மறுபடி பரிசோதனை, மறுபடி காசு.

கனடா குடிநுழைவுத் துறையின் மெடிக்கல் கடிதம் வரட்டும். வந்தபின் 30 நாள் அவகாசம் உண்டு. அன்றே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். சிங்கப்பூரில் கனடா அங்கீகரித்த பேனல் டாக்டர்கள் சிலர்தான்; பலதுறை மருந்தகத்து ரிப்போர்ட் செல்லாது. கடிதம், பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

பெண்கள் மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் திரும்ப வரச் சொல்வார்கள்.

உண்மையில் காலத்தைத் தின்பது நெஞ்சு எக்ஸ்ரேதான். பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் மூன்று நாள் சளி கொடுக்க வேண்டியிருக்கலாம். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு 6 முதல் 8 வாரம். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கர்ப்பமாக இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பின் தள்ளிவைக்கலாம்.

ரிப்போர்ட்டை டாக்டரே ஆன்லைனில் அனுப்பிவிடுவார். பரிசோதனை முடிந்ததற்கான தாளை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.